20 டிகிரி தண்ணிக்கு எங்கே போறது?

கருப்பு வெள்ளை ஃபிலிம் வாங்கினீங்கன்னா, அதைக் கழுவுறதுக்கான குறிப்புல ஒரு எண் தவறாம இருக்கும்: 20 டிகிரி செல்சியஸ். டெவலப்பர் அந்தச் சூட்டுல இருக்கணும். அதுக்கப்புறம் ஊத்துற தண்ணியும் அதை ஒட்டியே இருக்கணும். குளிர் நாட்டுல இது பெரிய விஷயமே இல்ல, குழாயைத் திறந்தா கிட்டத்தட்ட அப்படித்தான் வரும். நம்ம ஊர்ல ஏப்ரல் மாச மத்தியானம் மொட்டை மாடி டேங்க்லேர்ந்து வர்ற தண்ணியில தெர்மாமீட்டரை வச்சுப் பாருங்க. கை கழுவவே யோசிப்பீங்க.

இந்த எபிசோடு அந்த 20 டிகிரியைப் பத்தித்தான். ஃபிலிம் குளிர் நாட்டுல பிறந்த பொருள். அதை மதராஸ் வெயிலுக்குக் கொண்டுவந்தவங்க ஒவ்வொருத்தரும் ஏதோ ஒரு வழியில குளிரைத் தேடியிருக்காங்க. கடைசியில நாமே ஒரு குளிர் மலை மேல போய் ஃபிலிம் தொழிற்சாலையே கட்டினோம். அந்தக் கதைக்கு நான் போய்ச் சேர்ந்தது ஊட்டி வழியா இல்ல, பல்லாவரம் டு தாம்பரம் புறநகர் ரயில் பாதை வழியா.

முதல்ல ஃபிலிமைச் சொல்லிடறேன். இல்ஃபோர்டு ஆர்த்தோ பிளஸ். சந்தைக்கு இது ரொம்பப் புதுசு கிடையாது, கேமராவுல போடுற ரோலா வந்தது 2019 கடைசியில. எனக்குத்தான் புதுசு. வேகம் 80 ஐஎஸ்ஓ, அதுவும் பகல் வெளிச்சத்துல. குண்டு பல்பு வெளிச்சத்துக்குப் போனா 40-ஆ குறைஞ்சிடும். ஏன்னா குண்டு பல்புல சிவப்பு அதிகம், இந்த ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. ஆர்த்தோகுரோமேட்டிக்னு சொல்ற வகை. நீலம் தெரியும், பச்சை தெரியும், சிவப்பு மட்டும் இருட்டு.

இதுக்குப் பின்னால இருக்கிற வரலாறு சின்னதுதான். வெள்ளி உப்பு இயல்பிலேயே நீலத்தையும் புற ஊதாவையும் மட்டும்தான் பார்க்கும். 1873-ல ஹெர்மன் ஃபோகல்னு ஒரு ஜெர்மன் வேதியியலாளர், சில சாயங்களைச் சேர்த்தா அது பச்சையையும் பார்க்கும்னு கண்டுபிடிச்சார். சிவப்பையும் சேர்த்து எல்லா நிறத்தையும் பார்க்கிற பான்குரோமேட்டிக் ஃபிலிம் சினிமாவுல பரவலானது 1920-களோட பிற்பகுதியிலதான். அதனால உங்க வீட்டுச் சுவர்ல கொள்ளுத்தாத்தா படம் மாட்டியிருந்து, அது அதுக்கு முந்தின காலத்துதுன்னா, பெரும்பாலும் அவரைப் பார்த்தது சிவப்பு தெரியாத ஒரு கண்ணுதான்.

நான் இறங்கினது பல்லாவரம். வெள்ளிக்கிழமை. அங்கே வெள்ளிக்கிழமை சந்தை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். செடி, கோழி, புறா, பழைய ஃபேன், ஓடாத மிக்ஸி, யாரோ ஒருத்தரோட பத்தாம் வகுப்புப் புத்தகம் எல்லாம் ஒரே வரிசையில கிடக்கும். ஒரு தார்ப்பாய் மேல அக்ஃபா கிளிக் த்ரீ கேமரா ஒண்ணு இருந்துச்சு. நம்ம நாட்டிலேயே தயாரிச்ச பெட்டி கேமரா, ஒரு ரோல்ல 12 படம். நடுத்தரக் குடும்பங்கள் முதல்முதலா சொந்தமா வாங்கின கேமரா பல வீடுகள்ல அதுதான். திறந்து பார்த்தேன், உள்ளே காலி ஸ்பூல் மட்டும் இருந்துச்சு. கடைக்கார அண்ணன் என் கழுத்துல தொங்கின கேமராவைப் பார்த்துட்டு, "அதுலயும் ரோலா தம்பி? ரோல்தான் இப்ப வர்றதே இல்லையே"ன்னார். வருதுண்ணே, இங்கிலாந்துலேர்ந்து வருதுன்னேன். "அப்போ நம்ம ஊர் ரோலு?" அந்தக் கேள்விக்குப் பதில் இந்த எபிசோடோட பின்பாதியில இருக்கு.

சந்தையில 10 படம் எடுத்தேன். சிவப்பு தெரியாத ஃபிலிம் நம்ம ஊரை என்ன பண்ணும்னு அப்புறம் நெகட்டிவைப் பார்த்தப்பதான் புரிஞ்சுது. தக்காளிக் கூடை கரிக்கூடை ஆயிடுச்சு. செங்கல் சுவர் கருங்கல் மாதிரி நிக்குது. தெருமுனையில கட்டியிருந்த திமுக கொடி, மேலே கருப்பு கீழே சிவப்புன்னு நமக்குத் தெரியும், படத்துல முழுக்கவே கருப்புக் கொடி. அதுக்குப் பக்கத்துல கம்யூனிஸ்ட் கொடியும் கருப்பு. ஊர் முழுக்க ஏதோ துக்கம் மாதிரி. பூ விக்கிற அம்மாவோட குங்குமப் பொட்டு மையால வச்சது மாதிரி இருக்கு. மல்லிகைப் பூ மட்டும் பளிச்சுனு வெள்ளை.

இதுல சிரிக்க முடியாத ஒரு விஷயமும் இருக்கு. மனுஷத் தோல்லேர்ந்து திரும்பி வர்ற வெளிச்சத்துல சிவப்பு அதிகம். அதைப் பார்க்காத ஃபிலிம், எல்லாத் தோலையும் இருக்கிறதைவிடக் கருமையா காட்டும். மாநிறத்தை அடர் நிறமாக்கும், அடர் நிறத்தை நிழலோட கரைச்சிடும். பழைய ஸ்டூடியோக்கள்ல நெகட்டிவ் மேல கூரான பென்சிலால முகத்தைத் திருத்துறதுக்குன்னே ஆள் இருப்பாங்க. அதை நாம 'வெள்ளையா காட்ட ஆசை'ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடறோம். ஆசையும் இருந்திருக்கும், மறுக்கல. ஆனா அந்தப் பென்சிலுக்கு ஒரு பங்கு வேலை, ஃபிலிம் பார்க்கத் தவறினதைத் திரும்ப எழுதுறதா இருந்துச்சு. ஊமைப் பட நடிகர்கள் முகத்துல அவ்வளவு தடிமனா வெளிர் அரிதாரம் பூசினதுக்கும் இந்தக் கண்ணுக் கோளாறு ஒரு காரணம்.

வானம் இன்னொரு கதை. பல்லாவரத்துலேர்ந்து திரிசூலம் மலைப் பக்கம் ஒரு படம் எடுத்தேன். மலை சரியா வந்திருக்கு, மேலே வானம் வெறும் வெள்ளைத்தாள். நீலம் ரொம்ப அதிகமா பதிஞ்சு, மேகம் இருந்த இடமே தெரியல. இந்த வெள்ளை வானத்தோட 160 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் மல்லுக்கட்டியிருக்கார். லின்னேயஸ் ட்ரைப், மதராஸ் ராணுவத்துல அதிகாரி, 1856-ல மதராஸ் மாகாண அரசுப் புகைப்படக்காரரா நியமிக்கப்பட்டவர். அவர் பயன்படுத்தினது மெழுகு பூசின காகித நெகட்டிவ். அதுக்கு நீலத்தைத் தவிர எதுவுமே சரியா தெரியாது. படத்துல வானம் வெறுமையா இருக்கேன்னு, நெகட்டிவ் மேலயே தூரிகையால மேகம் வரைஞ்சார் மனுஷன். மதுரை, தஞ்சாவூர் படங்கள்ல நீங்க பார்க்கிற சில மேகங்கள் வானத்துல இருந்ததே இல்ல.

அவர் பயணம் போன மாசங்களைக் கவனிங்க. 1857 டிசம்பர்ல பெங்களூர்லேர்ந்து கிளம்பினார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்னு சுத்திட்டு 1858 ஏப்ரல்ல மதராஸ் வந்து சேர்ந்துட்டார். அக்னி நட்சத்திரத்துக்கு முன்னாடி எல்லாம் முடிஞ்சுது. மெழுகுக் காகிதத்துல ஒரு வசதி, முன்கூட்டியே தயார் பண்ணி எடுத்துட்டுப் போகலாம், படம் எடுத்த உடனே கழுவணும்னு அவசரம் இல்ல. வெயில் நாட்டுல மாட்டு வண்டிப் பயணத்துக்கு அது பெரிய உதவி. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை வரிசையா எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமா ஆக்கினார். இன்னைக்கு நாம ஃபோனைச் சுத்தி எடுக்கிற பனோரமாவை அவர் கத்தரியும் பசையும் வச்சுப் பண்ணினார். கொஞ்ச நாள்லயே புது ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யன் வந்து, இது ஆடம்பரச் செலவுன்னு வேலையையே நிறுத்திட்டார். அரசு வேலையில நல்லது நடக்கும்போது கணக்குப் பார்க்கிற ஒருத்தர் வந்து சேர்றது அப்பவே இருந்திருக்கு.

பல்லாவரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. என்னைக் கேட்டா, இந்தப் பாதையில ஃபிலிம் வரலாறு தெரிஞ்சவங்க இறங்கி நின்னு கும்பிட வேண்டிய ஸ்டேஷன் இதுதான்.

குரோம்பேட்டைக்கு அந்தப் பேர் வந்தது குரோம் லெதர் கம்பெனியால. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல சேம்பர்ஸ்ங்கிறவர் இங்கே தோல் தொழிற்சாலை தொடங்கினார். அதுவரை நம்ம ஊர்ல தோல் பதனிட்டது ஆவாரம்பட்டை மாதிரி மரப்பட்டைகளை வச்சு. குரோம் முறையில குரோமிய உப்பு வச்சுப் பதனிடுவாங்க. தோல் சீக்கிரம் தயாராகும், தண்ணிக்கும் சூட்டுக்கும் நல்லா தாங்கும்.

ஃபிலிமுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா, ஃபிலிம் மேல வெள்ளி உப்பைப் பிடிச்சு வச்சிருக்கிறது ஜெலட்டின். அது மாட்டு எலும்புலேர்ந்தும் தோல்லேர்ந்தும் எடுக்கிறது. அதாவது, வேதியியல் கணக்குல பார்த்தா ஃபிலிமும் தோல்தான், ரொம்ப மெல்லிசா, கண்ணாடி மாதிரி ஆக்கின தோல். இந்த ஜெலட்டின் குளிர்ல கெட்டியா இருக்கும். தண்ணி சூடாக ஆக ஊதிப் பெருக்கும், 30 டிகிரியைத் தாண்டினா குழைய ஆரம்பிக்கும். அந்தக் காலத்து ஃபிலிமைச் சென்னைக் குழாய்த் தண்ணியில கழுவினா படம் அப்படியே கண்ணாடியை விட்டு வழுக்கிக்கிட்டு வடிகால்ல போயிடும். கல்யாணப் படம் போச்சுன்னா திரும்ப எடுக்க முடியுமா?

அதுக்கு வெப்ப நாட்டு ஸ்டூடியோக்கள் கண்டுபிடிச்ச மருந்து ரெண்டு. ஒண்ணு, டெவலப்பர்ல சோடியம் சல்ஃபேட் சேர்க்கிறது. ஜெலட்டின் ரொம்பத் தண்ணி குடிச்சு ஊதாம அது பிடிச்சு வைக்கும். இன்னொண்ணு, கழுவினதும் ஃபிலிமைக் குரோம் ஆலம் கரைசல்ல முக்கி எடுக்கிறது. அடர் ஊதா நிறத்துல படிகமா இருக்கும், கரைசல் வீரியம் இழந்தா பச்சையா மாறிடும். அதுல இருக்கிற குரோமியம் ஜெலட்டினைக் கெட்டிப்படுத்தும். அதாவது, குரோம்பேட்டைத் தொட்டியில ஆட்டுத் தோலுக்கு நடந்ததும், மவுண்ட் ரோடு ஸ்டூடியோ இருட்டறையில மணப்பெண் படத்துக்கு நடந்ததும் ஒரே வேதிவினை. ரெண்டுமே பதனிடுறதுதான்.

இன்னொரு முடிச்சும் இருக்கு. மதராஸ்ல குரோம் தோல் சோதனைகளைத் தொடங்கினவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன், அவர் அதைச் செஞ்சது அரசுக் கலைப் பள்ளியில. டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850-ல தொடங்கின பள்ளி அது, இன்னைக்கும் சென்ட்ரலுக்குப் பக்கத்துல அரசு கவின்கலைக் கல்லூரியா இருக்கு. மதராஸ்ல புகைப்படக்கலையை ஆரம்பத்துல சொல்லிக் கொடுத்ததும் அதே ஹண்டரோட பள்ளிதான். ஒரே வளாகம், ஐம்பது வருஷ இடைவெளியில, படத்தையும் கத்துக்கொடுத்துச்சு, படத்தைக் காப்பாத்துற வேதியியலையும் தோல் வழியா கொண்டுவந்துச்சு. யாரும் திட்டம் போட்டுச் செய்யல. அதனாலதான் எனக்கு இது பிடிச்சிருக்கு.

இப்போ வர்ற ஃபிலிம்ல ஜெலட்டினைத் தொழிற்சாலையிலேயே நல்லா கெட்டிப்படுத்திடறாங்க. 30 டிகிரிக்கு உருகாது. ஆனா டெவலப்பர் சூடானா வேலை கன்னாபின்னான்னு வேகமாகும். 20-லேர்ந்து 24-க்குப் போனாலே நேரத்துல ஏறத்தாழ மூணுல ஒரு பங்கைக் குறைக்கணும். 30-க்குப் போனா ரெண்டு மூணு நிமிஷத்துல முடிஞ்சிடும், அவ்வளவு வேகத்துல படம் முழுக்கச் சீரா வராது. நான் பண்றது எல்லாரும் பண்றதுதான்: கேன் தண்ணியை ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல வச்சிடுவேன், ஜிப் கவர்ல ஐஸ் போட்டு டெவலப்பர் பாட்டிலைச் சுத்தி அடுக்குவேன், கடைசியா அலசுற தண்ணி வரைக்கும் எல்லாத்தையும் 22 டிகிரிக்குக் கொண்டுவந்து வச்சிடுவேன். ஒரு கரைசல் 22, அடுத்தது 32-ன்னு தாவினாதான் ஆபத்து, ஜெலட்டின் சுருங்கி விரிஞ்சு தோல்ல வெடிப்பு விழுந்த மாதிரி வலை வலையா ஆயிடும்.

ஆர்த்தோவுல ஒரு சந்தோஷம் உண்டு. மத்த ஃபிலிமை முழு இருட்டுலதான் கழுவணும், இதை அடர் சிவப்பு விளக்குல கழுவலாம். தட்டுல ஃபிலிம் முன்னும் பின்னும் போக, வெறும் பால் நிறமா இருந்ததுல முதல்ல மல்லிகைச் சரம் கருப்பா வந்துச்சு, நெகட்டிவ் ஆச்சே. அப்புறம் வானம். பூக்கார அம்மா முகம் கடைசியா வந்துச்சு.

இந்தச் சூடு சினிமாவையும் விடல. தென்னிந்தியாவோட முதல் கதைப் படம்னு சொல்லப்படுற 'கீசக வதம்' எடுத்த நடராஜ முதலியார், மோட்டார் உதிரிபாக வியாபாரத்துலேர்ந்து வந்தவர். புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோடுல ஸ்டூடியோ போட்டு, வெள்ளைத் துணியால வெயிலை வடிகட்டி, 1910-களோட கடைசியில படம் பிடிச்சார். பிடிச்ச ஃபிலிமைக் கழுவினது எங்கே? பெங்களூர்ல. அங்கே குளிர்ச்சின்னு அங்கேயே லேப் வச்சார். புரசைவாக்கத்துல பிடிச்ச காட்சி ஒழுங்கா வந்திருக்கான்னு தெரிஞ்சுக்க, ஃபிலிம் ரயில் ஏறிப் போய்ட்டு வரணும். அந்தப் படத்தோட ஒரு பிரதிகூட இன்னைக்கு இல்ல.

குரோம்பேட்டைக்கு அடுத்தது தாம்பரம் சானடோரியம். பேரைத் தினம் அறிவிப்புல கேக்கிறோம், இறங்குறோம், ஏறுறோம். சானடோரியம்னா காசநோய்க்காரங்களைத் தங்கவச்சுக் குணப்படுத்துற இடம். டாக்டர் சவரிமுத்து, ஆங்கிலப் பதிவுகள்ல சௌரி முத்துன்னு இருக்கும், 1928-ல இதைத் தொடங்கினார். இங்கிலாந்துல மெண்டிப் மலைப் பக்கம் இதே மாதிரி ஒண்ணை நடத்தினவர். கணித மேதை ராமானுஜன் உடம்பு முடியாம இருந்தப்ப கொஞ்ச காலம் அவரோட அந்த இங்கிலாந்து சானடோரியத்துலதான் இருந்தார். மருந்து இல்லாத காலம். நல்ல காத்து, ஓய்வு, சாப்பாடு, அவ்வளவுதான் சிகிச்சை. அன்னைக்குத் தாம்பரம் ஊருக்கு வெளியே இருந்த புதர்க்காடு. 1931-ல பீச்லேர்ந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்துச்சு, 1937-ல மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே குடிவந்துச்சு, அதே வருஷம் சானடோரியத்தை அரசு எடுத்துக்கிச்சு.

நான் ஏன் இங்கே இறங்கினேன்னா, கருப்பு வெள்ளை ஃபிலிம்னா நாம கலை, கல்யாணம், சினிமான்னு நினைக்கிறோம். ஆனா இந்த நாட்டுல ஏழை பணக்காரன் வித்தியாசமில்லாம எல்லாரையும் பார்த்த கருப்பு வெள்ளை ஃபிலிம் எக்ஸ்ரேதான். என் கேமராவுல இருந்த ஆர்த்தோவுக்கு அது ஒண்ணுவிட்ட சகோதரன்: அதுக்கும் நீலமும் பச்சையும்தான் தெரியும், அதனாலதான் ஆஸ்பத்திரி இருட்டறைகள்லயும் சிவப்பு விளக்கு. நெஞ்சு எக்ஸ்ரே ஃபிலிம் 14-க்கு 17 அங்குலம், ரெண்டு பக்கமும் வெள்ளிப் பூச்சு. காசநோய்க்காரருக்கு ஒரு படம் போதாது, மாத்திரை வேலை செய்யுதான்னு பார்க்க மாசக் கணக்குல திரும்பத் திரும்ப எடுக்கணும். 1956-ல சென்னையில தொடங்கின காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டுல இருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்துல இருந்த அளவுக்குக் குணமாகும்னு 1959-ல உலகத்துக்குக் காட்டுச்சு. சானடோரியங்களோட காலத்தையே முடிச்சு வச்ச ஆய்வு அது. அதுக்குச் சாட்சி சளிப் பரிசோதனையும், வரிசையா எடுத்த எக்ஸ்ரே படங்களும். ஒவ்வொரு படமும் வெளிநாட்டு ஃபிலிம்ல, அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கினது.

இப்போ அந்தக் கடைக்கார அண்ணன் கேள்விக்கு வர்றேன். நம்ம ஊர் ரோலு.

1960 நவம்பர்ல ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்னு மத்திய அரசு ஒரு நிறுவனம் தொடங்குச்சு. பிரான்ஸ் நாட்டு பௌஷே நிறுவனத்தோட தொழில்நுட்பம். இடம் ஊட்டி. காரணம் உங்களுக்கே தெரியும் இந்நேரம்: குளிர், தூசி இல்லாத காத்து. ஃபிலிம் பூசுறப்ப ஒரு துகள் விழுந்தா அது யாரோ ஒருத்தர் நெஞ்சுல காசநோய்ப் புள்ளி மாதிரி தெரியும். 1967-ல உற்பத்தி தொடங்குச்சு. எக்ஸ்ரே ஃபிலிம், சினிமா பிரிண்டுக்கான ஃபிலிம், கேமரா ரோல், போட்டோ பேப்பர். எல்லாத்துக்கும் பேர் 'இந்து'. மதம் இல்ல, நிலா. வெள்ளியால செய்யுற பொருளுக்கு நிலாப் பேர். வச்சவங்க ரசனைக்காரங்க. தொழிற்சாலைக் குடியிருப்புக்குப் பேரும் இந்து நகர்.

உலகத்துல தானே ஃபிலிம் பூசத் தெரிஞ்ச நாடுகளை விரல் விட்டு எண்ணிடலாம், அதுல நாம ஒண்ணு. ஆயிரக்கணக்கானவங்க வேலை பார்த்தாங்க. நினைச்சுப் பாருங்க, ஒரு கூடம் முழுக்க இருட்டு, அதுக்குள்ள மெஷின் ஓடுது, ஆள் நடமாடுறாங்க, எல்லாம் கை பழக்கத்துல. எங்க பெரியப்பா அக்ஃபா கிளிக்ல போட்டதும் இந்து ரோல்தான். 12 படம்ங்கிறதால எங்க அத்தை கல்யாணத்துல யார் யாருக்குப் படம்னு முன்னாடியே பேப்பர்ல பட்டியல் எழுதி வச்சிருந்தாராம்.

அப்புறம் என்ன ஆச்சு? வண்ணம் வந்துச்சு, இவங்களால அதுக்குள்ள ஒழுங்கா நுழைய முடியல. அது தெரிஞ்ச கதை. ஆனா அதுமட்டுமே கொன்னுச்சுன்னு சொல்றது சரியில்லைன்னு நினைக்கிறேன், ஏன்னா எக்ஸ்ரேக்கு வண்ணம் தேவையே இல்ல, எக்ஸ்ரே தேவை நாட்டுல கூடிக்கிட்டேதான் இருந்துச்சு. அதை நம்பித்தான் பாலியெஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிமுக்கு அமெரிக்க டூபாண்ட் தொழில்நுட்பத்தோட, பெரிய கடன் வாங்கி, புது ஆலை போட்டாங்க. வேலை இழுத்துக்கிட்டே போச்சு, செலவு ஏறுச்சு. அதுக்குள்ள 1991 வந்து இறக்குமதி வரியெல்லாம் குறைய ஆரம்பிச்சுது. வட்டி மலையா ஏறினப்ப, எதிர்ல வெளிநாட்டு ஃபிலிம் மலிவா நிக்குது. 1990-கள்லயே நலிவுற்ற நிறுவனம்னு அறிவிச்சாச்சு. அதுக்கப்புறம் டிஜிட்டல் வந்து மிச்சத்தை முடிச்சுது. 2014-ல மிச்சமிருந்த தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு.

அரசு கம்பெனின்னா இப்படித்தான்னு ஒரு கூட்டம் சொல்லும். அவங்களுக்கு இல்ஃபோர்டைக் காட்டறேன். தனியார், 19-ஆம் நூற்றாண்டு நிறுவனம், அதுவும் 2004-ல திவாலாச்சு. என் கேமராவுல இருந்த ஆர்த்தோ ரோல் வந்தது அந்த இடிபாட்டுலேர்ந்துதான். அங்கே வேலை பார்த்த மேலாளர்கள் சில பேர் சேர்ந்து 2005-ல கருப்பு வெள்ளைப் பகுதியை மட்டும் வாங்கி, ஹார்மன் டெக்னாலஜின்னு பேர் வச்சு, அதே மாபர்லி ஊர்ல அதே மெஷினைச் சின்ன அளவுல ஓட்டினாங்க. கிழக்கு ஜெர்மனியோட ஓர்வோ, நம்ம ஊர்ல ஒரு காலத்துல நிறையப் புழங்கின பேர், அதுவும் தொழிற்சாலை போன பிறகு வோல்ஃபென்ல ஒரு சின்னக் கம்பெனியா மிஞ்சுச்சு. ரெண்டுமே பெரிசா இருந்ததை விட்டுட்டு, தெரிஞ்ச கைகளை மட்டும் காப்பாத்திக்கிச்சு.

ஊட்டியில அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்கலன்னுதான் எனக்கு வருத்தம். மூடுறதா, முழுசா மீட்கிறதா, இந்த ரெண்டு கதவுக்கு நடுவுல வருஷக் கணக்கா கோப்பு ஓடுச்சு. இருட்டுல கைப்பழக்கமா மெஷின் ஓட்டத் தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா ஓய்வு பெற்றுப் போனாங்க. மெஷினை வேணா காசு கொடுத்து வாங்கிடலாம், அந்தக் கையை எங்கே வாங்குறது? இன்னைக்கு நம்ம பசங்க ஃபிலிம் மறுபடி எடுக்கிறாங்க, ஒரு ரோலுக்கு இறக்குமதி விலை கொடுத்துட்டு ஒவ்வொரு கிளிக்குக்கும் நெஞ்சு படபடக்க நிக்கிறாங்க.

சரி, தாம்பரத்துக்கே வந்துட்டோம். பெருங்களத்தூர் வரைக்கும் போகலாம்னு நினைச்சேன், 36-ம் தீர்ந்துடுச்சு. ஒரு வேலை மட்டும் உங்களுக்குச் சொல்லி அனுப்புறேன். வீட்டுல பரண் மேல பழைய நெகட்டிவ் கவர் இருந்தா இறக்குங்க. வீட்டிலேயே சூடான இடம் பரண்தான். அசிடேட் ஃபிலிம் சூட்டுலயும் ஈரத்துலயும் கிடந்தா சிதைய ஆரம்பிக்கும், கவரைத் திறந்ததும் காடி வாசனை அடிச்சா சிதைவு தொடங்கிடுச்சுன்னு அர்த்தம். அந்தக் கவரை மத்ததுலேர்ந்து தனியா வைங்க, வாசனை பக்கத்துல இருக்கிறதையும் கெடுக்கும். மத்ததைப் பிளாஸ்டிக் கவர்லேர்ந்து எடுத்துக் காகித உறையில போட்டு, கீழ்த்தளத்துல காத்தோட்டமான அலமாரியில வைங்க. லேப்டாப்ல வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதுக்கு ஒரு சாண் முன்னாடி நெகட்டிவைப் பிடிச்சு ஃபோன்ல ஒரு படம் எடுத்து நிறத்தைத் திருப்புங்க, யார் முகம்னு தெரிஞ்சிடும். ஓரத்துல 'இந்து'ன்னு ஆங்கில எழுத்து தெரிஞ்சா எனக்கு எழுதுங்க.

பழைய எக்ஸ்ரேயை வெள்ளிக்காக எடைக்கு வாங்குறவங்க வருவாங்க. எக்ஸ்ரேயை வேணா கொடுங்க. அந்தக் கட்டுல நெகட்டிவ் எதுவும் சேர்ந்து போகுதான்னு ஒரு தடவை பிரிச்சுப் பார்த்துட்டுக் கொடுங்க.